பனிக்காலத்தில் பூக்கும் வீட்டுத் தோட்டம்: தண்ணீர் குறைந்த ஊர்களுக்கான முழு வழிகாட்டி

தை பிறந்ததும் நாற்றுப் பண்ணைக்குப் போய், பூவும் மொட்டுமாக இருக்கும் செடிகளை வாங்கி வந்து நட்டுவிட்டு, மாசி முடிவதற்குள் அவை கருகிப் போவதைப் பார்த்து மனம் சோர்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்துவிடும். அதன் பிறகு கோடை மழை வரை வானத்தை நம்ப முடியாது.

ஆகவே தை, மாசியில் பூக்க வேண்டிய தோட்டத்தின் வேலை ஆடியில் தொடங்கி மார்கழியில் ஏறக்குறைய முடிந்துவிட வேண்டும். செடியின் வேர் மழை ஈரத்தைப் பின்தொடர்ந்து ஆழத்துக்கு இறங்கியிருந்தால் பனிக்காலத்தில் அது தாக்குப்பிடிக்கும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசை மாறும் இடத்தில்தான்.

கையில் இருக்க வேண்டியவை: மண்வெட்டி, களைக்கொத்து, கிளை வெட்டக் கூரான கவாத்துக் கத்தரி, நாற்று வளர்க்கச் சிறு குழிகள் உள்ள குழித்தட்டு, நன்கு மக்கிய தொழு உரம், வேப்பம்புண்ணாக்கு, மூடாக்குப் பொருள் (ஈரம் காக்க மண்மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை), தண்ணீர் சேமிக்க ஒரு தொட்டி.

1. தண்ணீரை அளந்துவிட்டுப் பாத்தியை அளக்கவும்

இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பாத்தி போடுவது எல்லோரும் செய்வது. வறண்ட ஊரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் பாத்தியின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

மூடாக்கு போட்ட பூப்பாத்திக்கு இந்தப் பருவத்தில் ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 15 முதல் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதுர மீட்டர் பாத்திக்கு வாரம் சுமார் 180 லிட்டர் ஆகும். மார்கழி, தை, மாசி மூன்றும் சேர்ந்து 13 வாரம் என்றால் 2,340 லிட்டர்.

இது மலைக்க வேண்டிய அளவு அல்ல. ஒரு சதுர மீட்டர் மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 3,000 லிட்டர். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் திறந்து விட்டு, சிதறலையும் கழித்தால் 2,400 லிட்டர் அளவுக்கு மிஞ்சும். கார்த்திகையில் ஒரு நல்ல மழைநாள் போதும். தொட்டி சிறியதாக இருந்தால் அதற்கேற்ப பாத்தியையும் சிறியதாக்குங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவர்கள் முதலில் அதன் உப்பைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சிறிய டிடிஎஸ் மீட்டரே போதும். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை. 1,300ஐத் தாண்டினால் ரோஜா, மல்லிகை, செவ்வந்தி எல்லாம் திணறும். கீழ் இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகுவதும், பூந்தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிவதும் இதன் அடையாளம். பலர் இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி அதே உப்புத் தண்ணீரை இன்னும் கூடுதலாக ஊற்றுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மழைத்தண்ணீரை மென்மையான செடிகளுக்கு ஒதுக்கி, கிணற்றுத் தண்ணீரை அரளிக்கும் காகிதப்பூவுக்கும் விட வேண்டும்.

அரிசி, காய் கழுவிய தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரைப் பாத்தியில் விடாதீர்கள். அதிலுள்ள சோடியம், முக்கியமாகக் கரிசல் மண்ணை, இறுக்கிவிடும். கடைசி அலசல் தண்ணீரைக் கல்வாழைக்கு விடலாம். அது வாங்கிக்கொள்ளும், பூவும் கொடுக்கும்.

2. ஆடி வெயிலைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்காதீர்கள்

இதைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. ஆடியில் தென் மாவட்டங்களில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். வீட்டின் வடக்குப் பக்கமும் அப்போது வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும். "இங்கே நல்ல வெயில்" என்று அங்கே பாத்தி கட்டிவிடுகிறார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் அதே இடம் நிழலாகிவிடுகிறது. 10 அடிச் சுவரின் நிழல் மார்கழி நண்பகலில் வடக்கே ஆறடிக்கு மேல் நீளும்.

கேந்தியும் (செண்டுமல்லி) செவ்வந்தியும் நிழலில் நெட்டையாக வளர்ந்து சாயும், மொட்டு குறையும். எனவே பனிக்காலப் பூக்களுக்குத் தெற்கு அல்லது கிழக்குப் பக்கம். வடக்குப் பக்கம்தான் இருக்கிறது என்றால் சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளிப் பாத்தி போடுங்கள். நிழல் விழும் பட்டையில் கனகாம்பரம் வைக்கலாம். அதற்கு அரை நிழல் பிடிக்கும்.

3. மழைக்கு முன்பே மண்ணைத் திறந்து வைக்கவும்

ஆவணி, புரட்டாசிக்குள் இது முடிய வேண்டும். மழை வந்த பிறகு கொத்தினால் ஈர மண் கட்டிகட்டியாகி, காய்ந்ததும் ஓடு போல் இறுகும். முன்பே கொத்திய மண்தான் மழையை உள்ளே வாங்கும்.

ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனால் மணற்பாங்கான மண். மறுநாள் வரை நின்றால் கரிசல் அல்லது களிமண்.

மணல், செம்மண் தோட்டத்தில் பாத்தியைத் தரைமட்டத்துக்கு நான்கு விரல் தாழ்த்துங்கள். பெய்யும் மழை ஓடாமல் அங்கேயே இறங்கும். கரிசலில் நேர்மாறாகச் செய்ய வேண்டும். அரை அடி உயர்த்தி, பக்கவாட்டில் வாய்க்கால் விட வேண்டும். கார்த்திகை அடைமழையில் கரிசல் பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் செவ்வந்தி வேர் அழுகிவிடும். வறட்சிக்குப் பயந்து பள்ளப்பாத்தி போட்டு மழையில் செடியை இழப்பது கரிசல் காட்டு வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

சதுர மீட்டருக்கு இரண்டு கூடைத் தொழு உரமும், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து விடுங்கள். வேப்பம்புண்ணாக்கு உரமாகவும் கரையானுக்குத் தடையாகவும் இரட்டை வேலை செய்யும். பச்சைச் சாணத்தைப் போட வேண்டாம். அது கரையானை அழைத்து வரும், சூட்டில் இளவேரும் வெந்துவிடும்.

4. செடிகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கவும்

எல்லாச் செடிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றும் தோட்டம் இரு பக்கமும் நட்டப்படும். தாகம் தாங்குவது அழுகும், தாங்காதது வாடும். ஒரே குணமுள்ளவற்றை ஒரே இடத்தில் வையுங்கள்.

தாகம் தாங்கும் செடிகள்: காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி, அடீனியம், ஆவாரை. வேரூன்றிய பிறகு இவற்றுக்கு மிகக் குறைந்த தண்ணீர் போதும். ஆவாரையை வேலியோரச் செடி என்று ஒதுக்குகிறார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவைத் தேடி ரோட்டோரம் அலைவதைவிட, வாசலில் ஒன்று இருப்பது எவ்வளவு நல்லது! அதன் விதைத்தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து, இருக்க வேண்டிய இடத்திலேயே ஐப்பசியில் விதைத்துவிடுங்கள். ஆணிவேர் ஆழம் போகும் செடி. பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். முதல் தையிலேயே பூவை எதிர்பார்க்காதீர்கள்.

அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. அடீனியத்தின் பாலும் அப்படித்தான். நித்தியகல்யாணியும் தின்னத் தகாதது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றைக் கைக்கெட்டாத ஓரத்தில் வையுங்கள். வெட்டிய கிளைகளை ஆடுமாடு மேயும் இடத்தில் போடாதீர்கள்.

நடுத்தரத் தாகம்: டிசம்பர் பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, கேந்தி. தண்ணீர் குறைந்த தோட்டத்தின் பனிக்கால அழகு பெரும்பாலும் இந்த நால்வர் கையில்தான் இருக்கிறது. டிசம்பர் பூ என் முதல் தேர்வு. நண்பகலில் இலை துவண்டு கிடக்கும், மாலையில் நிமிர்ந்துவிடும். ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று மூன்று நிறத்திலும் கிடைக்கும். கிள்ளி ஊன்றிய கிளையே வேர் விடும்.

தாகம் அதிகம்: மல்லிகை, செவ்வந்தி, ரோஜா, கனகாம்பரம். இவற்றில் எத்தனை வைப்பது என்பதை முதல் படியின் கணக்குதான் சொல்ல வேண்டும். ஆசையைக் கேட்காதீர்கள். மல்லிகை வைப்பதானால் நல்ல பதியன் முக்கியம். இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் பகுதியில் மணலில் வேர்விடச் செய்த கன்றுகளுக்கு வெகுகாலமாகவே நல்ல பெயர் உண்டு.

5. விதைப்பு: ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம்

செவ்வந்தியின் வேர்க்கன்றுகளை ஆடியில் பிரித்து நட வேண்டும். நட்ட நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் வரும். புரட்டாசி பாதிக்குப் பிறகு கிள்ளக் கூடாது. இரவு நீளத் தொடங்கியதும் இந்தச் செடி மொட்டுக்குத் தயாராகிறது. அப்போது கிள்ளினால் மொட்டையே கிள்ளுகிறோம்.

அதே காரணத்தால் தெருவிளக்கோ வாசல் விளக்கோ இரவு முழுக்க விழும் இடத்தில் செவ்வந்தியை வைக்காதீர்கள். அந்த வெளிச்சம் செடிக்கு இரவைக் குறைத்துவிடும். இலை தழைத்து, செடி கொழுகொழுவென்று இருந்தும் பூக்கவில்லை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பக்கத்தில் விளக்கு இருக்கிறதா என்பதைத்தான்.

கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி மூன்றையும் ஐப்பசித் தொடக்கத்தில் குழித்தட்டில் விதையுங்கள். நேரடியாகப் பாத்தியில் தூவினால் அடைமழை விதையை அடித்துக்கொண்டு போகும், தப்பிய நாற்றும் தண்டடியில் அழுகும். கூரை விளிம்புக்குக் கீழே, சாரல் படாமல் வெளிச்சம் படும் இடத்தில் தட்டை வையுங்கள்.

25 முதல் 30 நாளில் நாற்று தயாராகிவிடும். கார்த்திகையில், மழை விட்டிருக்கும் ஒரு மாலையில் நடுங்கள். கேந்திக்கு ஓர் அடிக்குச் சற்று கூடுதலான இடைவெளி விடுங்கள். நெருக்கி நட்டால் பாத்தி சீக்கிரம் நிறைந்தது போலத் தெரியும். ஆனால் தையில் ஒரே ஈரத்துக்கு எல்லா வேரும் போட்டி போடும்.

நட்ட நாலாவது வாரம் கேந்தியின் நுனியைக் கிள்ளுங்கள். நட்டதிலிருந்து ஏறக்குறைய 60 நாளில் முதல் பூ, அதாவது தையில். கார்த்திகை மழை மண்ணில் நிற்கும்போதே வேர் இறங்கிவிடுவதுதான் இந்தக் கணக்கின் உயிர். மார்கழிக் கடைசியில் நடும் நாற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது கடைசிவரை உங்கள் வாளியை எதிர்பார்த்தே நிற்கும்.

6. கவாத்து: தேதி தப்பினால் பூவும் தப்பும்

மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். காய்ந்த, நோயுற்ற, உள்நோக்கி வளரும் கிளைகளை முழுதாக நீக்குங்கள். மிஞ்சிய இலைகளையும் உருவி விடலாம். பிறகு தொழு உரம் வைத்து, மழை இல்லையென்றால் நன்றாக ஒரு தண்ணீர். பிப்ரவரிக் கடைசியில் மொட்டு வரத் தொடங்கும்.

பச்சையாக இருக்கும் கொடியை வெட்ட மனம் வராமல் தை வரை தள்ளிப்போடுவது வழக்கமான தவறு. அப்போது பூ சித்திரைக்குப் போய்விடும். அந்த வெயிலில் மல்லிகைக்கு ஊற்றத் தொட்டியில் என்ன இருக்கும்? பிச்சிப்பூவுக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரிக் கடைசி வாரமும் கவாத்துக் காலம். மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடக் கூடாது.

காகிதப்பூவின் கதை வேறு. மழை நின்றதும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் தொய்யும்போது ஒருமுறை நன்றாக விட்டு, மறுபடி காயவிடுங்கள். இந்தத் தாகம்தான் அதைப் பூக்கத் தூண்டுகிறது. பரிவோடு தினமும் ஊற்றுகிற வீட்டில் காகிதப்பூ இலையாகவே நிற்கும்.

7. மூடாக்கு: மழை நின்ற பிறகு, மண் காய்வதற்கு முன்

மூடாக்கை மழைக்கு முன்பே போட்டால் சிறு தூறல் அதிலேயே தங்கிவிடும், மண்ணுக்கு இறங்காது. அடைமழையில் தண்டடியும் அழுகும். மண் வறண்ட பிறகு போட்டால் காக்க அங்கே ஈரமே இல்லை. கார்த்திகைக் கடைசி, மார்கழித் தொடக்கம்தான் சரியான நேரம்.

முதலில் களையெடுத்து மேல்மண்ணை ஓர் அங்குலம் கொத்துங்கள். கரிசலில் இது கட்டாயம். காயும்போது அந்த மண் பிளந்து, வெடிப்பு வழியே ஆழத்து ஈரமும் ஆவியாகும், வேரும் அறுபடும். கொத்திய பொடிமண் வெடிப்பை அடைத்துவிடும்.

அதன்மேல் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு நிலக்கடலைத் தோல், காய்ந்த இலை, வைக்கோல் என்று கிடைப்பதைப் பரப்புங்கள். தேங்காய் மட்டையை மேலே பரப்பினால் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் புதைத்தால் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னை நார்க்கழிவைக் கழுவாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

தண்டைச் சுற்றி மூன்று விரல் அகலம் வெற்றிடமாக விடுங்கள். தண்டோடு ஒட்டிக் கிடக்கும் மூடாக்கு கரையானுக்குப் படிக்கட்டு. வாரம் ஒருமுறை ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் மண்பூச்சுத் தெரிந்தால் அந்தப் பகுதியை வாரி எடுத்து வேப்பம்புண்ணாக்கைத் தூவுங்கள்.

8. தண்ணீர்: ஆழமாக, இடைவெளி விட்டு

தினமும் பூவாளியால் தெளிப்பது மேல் அங்குலத்தை மட்டும் நனைக்கும். வேரும் மேலேயே தங்கும். ஒரு நாள் ஊருக்குப் போனால் செடி சாய்ந்துவிடும். வாரத்துக்கான தண்ணீரை இரண்டு தடவையாகப் பிரித்து, தூரில் மெதுவாக விடுங்கள். ஊற்றிய ஒரு மணி நேரம் கழித்து விரலை மண்ணில் முழுதாக விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் ஈரம் ஒட்ட வேண்டும்.

காலையில் ஊற்றுவது நல்லது. மாலையில் இலை நனைந்தால், இரவுப் பனியும் சேர்ந்து இலை காயவே காயாது. பூஞ்சணத்துக்கு அது போதும்.

மல்லிகை, ரோஜா போன்ற தனிச் செடிகளுக்குப் பானைப் பாசனத்துக்கு இணையாக எதுவும் இல்லை. மெருகோ வண்ணமோ பூசாத, ஐந்து லிட்டர் பிடிக்கும் மண்பானையைச் செடியிலிருந்து ஓர் அடி தள்ளிக் கழுத்துவரை புதையுங்கள். வாய் மட்டும் மண்ணுக்கு மேலே ஓர் அங்குலம் தெரியட்டும். தண்ணீர் நிரப்பி மூடியால் மூடுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். பானைச் சுவர் வழியாகக் கசியும் தண்ணீரை வேர் தேடிவந்து குடிக்கும். சில வாரத்தில் பானையைச் சுற்றி வெள்ளை வேர்கள் வலைபோலப் பின்னியிருப்பதைக் கொஞ்சம் மண்ணை விலக்கிப் பார்த்தால் தெரியும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நுண்துளைகள் அடைபடும். தண்ணீர் குறைவது நின்றுவிட்டால் அதுதான் காரணம். பருவம் முடிந்ததும் பானையை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்து, மழைத்தண்ணீரில் ஊறவையுங்கள்.

தண்ணீர் தட்டுப்பட்டால் யாருக்கு முதலில் என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். மொட்டு வைத்த மல்லிகைக்கும் தொட்டிச் செடிக்கும் முதலிடம். அடுத்து செவ்வந்தி, கனகாம்பரம். பிறகு கேந்தி வகை. அரளிக்கும் காகிதப்பூவுக்கும் கடைசி. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டால் எதுவும் பூக்காது.

9. தை, மாசியில் வரும் தொல்லைகள்

பனியும் மப்பும் சேர்ந்த நாட்களில் அசுவினிப் பூச்சி வரும். துளிர் நுனி சுருண்டு பிசுபிசுக்கும், எறும்பு ஏறி இறங்கும். தண்ணீரைப் பீச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு, லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மாசி வெயில் ஏறியதும் சிலந்திப்பேன் வரும். இலை மங்கலாகி, வெளிர்புள்ளிகள் விழும். வெள்ளைத்தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் தெரியும். இதற்கும் இலையடியைத் தண்ணீரால் கழுவுவதுதான் முதல் மருந்து. வாடிய செடிகளையே இது முதலில் பிடிக்கும்.

மல்லிகையில் நிறம் மாறி ஓட்டை விழுந்த மொட்டுகளைக் கண்டால் அன்றே பறித்து அழியுங்கள். உள்ளே புழு இருக்கும். கீழே போட்டால் பயனில்லை.

வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளுங்கள். விதை முற்றத் தொடங்கினால் செடி புது மொட்டுக்குச் செலவிட வேண்டிய தண்ணீரையும் உணவையும் விதைக்குக் கொடுத்துவிடும். இந்த ஒரு வேலையை விடாமல் செய்தால் கேந்தி மாசி முழுக்கப் பூக்கும்.

10. பங்குனியில் எதை விடுவது, எதைக் காப்பது

பங்குனி பிறந்ததும் கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லிக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். பூக்கிற செடியை விட மனம் வராதுதான். ஆனால் அவற்றின் ஆயுள் முடிகிற நேரம் அது. அந்தத் தண்ணீர் மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் கோடை முழுக்கத் தேவைப்படும்.

தண்ணீரை நிறுத்துவதற்கு இரண்டு வாரம் முன்பே, நன்றாகப் பூத்த செடிகளில் சில பூக்களைக் கிள்ளாமல் விட்டு அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள். பூ முழுதாகக் காய்ந்ததும் பறித்து, நிழலில் உலர்த்தி, சாம்பலோடு கலந்து காகித உறையில் போட்டு மாதமும் நிறமும் எழுதி வையுங்கள். கலப்பினக் கேந்தியின் விதை தாய்ச்செடி போல வராது. அதற்கு ஐப்பசியில் புது விதை வாங்க வேண்டும்.

செடிகளைப் பிடுங்காமல் தரையோடு வெட்டி, தண்டைத் துண்டாக்கி அதே பாத்தியில் பரப்புங்கள். வேர் மண்ணிலேயே மக்கி, அடுத்த ஐப்பசி மழை இறங்க வழி விடும். செவ்வந்தியையும் பூ ஓய்ந்ததும் தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டி, கோடையில் அரை நிழலுக்கு மாற்றி உயிரோடு காத்துக்கொள்ளுங்கள். ஆடியில் பிரித்து நடுவதற்கான வேர்க்கன்றுகள் அதிலிருந்துதான் வர வேண்டும்.